தூக்க நாலு பேர் போதும் என்றாயே, மச்சான்

என் அன்பு மச்சான் மாணிக்கத்துக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு உனக்கு நான் எதுவும் எழுதியதில்லை. வாழ்நாள் முழுக்க நேருக்கு நேர் சண்டை போட்ட ஆளிடம், பதில் சொல்ல முடியாத நிலையில் வம்புக்குப் போவது நியாயமில்லை என்று சும்மா இருந்தேன். இன்றைக்கு வேறு வழியில்லை. நேற்று மாலையிலிருந்து நாவலப்பிட்டியில் எல்லோர் வாயிலும் உன் பெயர்தான் கிடக்கிறது, அதுவும் இரண்டு விதமாக.

வேலாயுதம் ஐயா நேற்று விடியற்காலை காலமாகிவிட்டார். ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கிய அதே வேலாயுதம் ஐயாதான். இன்று பிற்பகல் மூன்று மணிக்கு அடக்கம். அவர் வீட்டுப் பாதையில் இன்னும் ஒரு வெள்ளைக் கொடிகூடக் கட்டவில்லை. கூடாரம் இல்லை, உட்காரக் கதிரை இல்லை. எல்லாம் கோவில் மண்டபத்துக்குப் பின்னால், நம் மரண உதவிச் சங்கத்தின் சாமான் அறையில் பூட்டிக் கிடக்கின்றன. சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. நான் இன்னமும் சங்கத்தின் செயலாளர்தான்.

காரணம் உனக்குத் தெரிந்த காரணம்தான். ஐயாவின் மகள் ராஜேஸ்வரி, புருஷன் இறந்த பிறகு, ரயில் கார்டாக இருக்கும் நிமாலோடு ஒரே வீட்டில் வாழ்கிறாள். தாலியும் இல்லை, பதிவும் இல்லை, அவர் சிங்களவர். ஊர் முதலில் முணுமுணுத்தது, பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டது. ஐயா படுத்த படுக்கையான பிறகு அவரைத் தூக்கி உட்கார வைத்ததும் குளிப்பாட்டியதும் நிமால்தான். அதைப் பார்க்காதவர்கள் இந்தப் பக்கத்தில் இல்லை. பார்த்திருந்தும், நேற்று நிர்வாகக் கூட்டத்தில் தலைவர் பெருமாள் அண்ணன் ஒரு நிபந்தனை வைத்தார்.

"ஐயா நம்ம அங்கத்தவர், அதுல பேச்சே இல்ல. ஆனா அந்த ஆளு சடங்கு முடியிற வரைக்கும் வீட்டுல நிக்கக் கூடாது. சவப்பெட்டியத் தொடக் கூடாது. இதுக்கு ஒத்துக்கிட்டா கூடாரம், கதிரை, தூக்குறதுக்கு ஆளு, எல்லாம் இப்பவே வரும்."

அதைப் போய்ச் சொல்ல வேண்டிய வேலை செயலாளருடையது. சொன்னேன். நிமால் உடனே செருப்பைத் தேடினார். "பரவால்ல, நான் போறேன். பிரச்சின வேணாம்" என்றார். ராஜேஸ்வரி அழுகையை நிறுத்திவிட்டு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாவ இத்தன நாளா தூக்கினது இந்தத் தோளுதான், மாமா. இந்தத் தோளு வேணாம்னா வேற எந்தத் தோளும் எங்களுக்கு வேணாம்னு போய்ச் சொல்லிருங்க" என்றாள்.

கூட்டத்தில் அவள் பதிலைச் சொன்னதும் பெருமாள் அண்ணன் உன்னை இழுத்தார். "மாணிக்கம் இருந்தா என்னா சொல்லுவான்? நம்ம சங்கம், நம்ம சாமான். யாருக்குக் குடுக்கிறது, யாருக்குக் குடுக்காம விடுறதுன்னு நாமதான் முடிவெடுக்கணும், வெளியில இருந்து எவனும் வந்து சொல்லக் கூடாதுன்னு சொல்லுவானா இல்லியா?"

சுகந்தி டீச்சர் எழுந்துவிட்டாள். நிர்வாகத்தில் இருக்கிற ஒரே பெண் அவள்தான், தெரியுமே. "அதே மாணிக்கம் அண்ணன்தான், ஒருத்தர் யாரோட வாழுறாங்கங்கிறது ஊரு கேக்கிற கேள்வியே இல்லன்னு சொன்னவரு. சங்கம் பதிவு செஞ்ச சங்கம். நாளைக்குக் காலைல பிரதேச செயலகத்துக்குப் போறேன். குடுக்க வைக்கிறேன் பாருங்க."

இரண்டுமே நீ சொன்னதுதான், மச்சான். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஒரு ரொட்டியை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துக்கொண்டு, என் கையில் இருப்பதுதான் முழு ரொட்டி என்று இருவரும் சத்தம் போட்டார்கள். நான் நடுவில் உட்கார்ந்து கூட்டக் குறிப்பு எழுதினேன்.

உன் கொள்கைக்கு ஒரு பெயர் இருப்பதை உனக்குச் சொன்னதே சுகந்திதான், ஞாபகமா? உன் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். "அண்ணே, உங்கள மாதிரி ஆளுங்கள லிபர்டேரியன்னு சொல்லுவாங்க." நீ தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருமல் மருந்து பேரு மாதிரி இருக்கே, டீச்சர்" என்றாய்.

அவள் விடவில்லை. வியாபாரத்தில் அரசாங்கம் கை வைக்கக் கூடாது என்று நீ சொல்லும்போது பழமைவாதிகள் உன்னைக் கட்டிப்பிடிக்கிறார்கள், யார் யாரைக் கட்டிக்கொள்வது, எந்தச் சாமியைக் கும்பிடுவது என்பதில் யாரும் தலையிடக் கூடாது என்னும்போது அவளைப் போன்ற தாராளவாதிகள் கட்டிப்பிடிக்கிறார்கள், ஆகவே நீ நடுவில் நிற்கிறாய் என்றாள். "நடுவுல இல்ல டீச்சர்" என்றாய் நீ. "பெருமாள் அண்ணனுக்குக் கடைக் கதவ யாரும் தொடக் கூடாது, ஆனா வீட்டுக் கதவ ஊரு பாத்துக்கணும். உங்களுக்கு வீட்டுக் கதவ யாரும் தொடக் கூடாது, ஆனா கடைக் கதவ அரசாங்கம் பாத்துக்கணும். எனக்கு ரெண்டு கதவுக்கும் சாவி என்கிட்ட இருக்கணும். அவ்வளவுதான்." இதைச் சொல்லிவிட்டு அவளுக்கு ஒரு பிடி பருப்பு கூடப் போட்டுக் கொடுத்தாய்.

அந்த இரண்டு சாவியை வைத்துக்கொண்டு நீ எத்தனை இடத்தில் அடி வாங்கினாய்! வெளிநாட்டுச் சாமானுக்கு நாட்டைத் திறந்துவிட்டார்கள், இனி யாரும் எதையும் விற்கலாம் என்று ஆனபோது அந்தக் கட்சிக்காரர்கள் உன்னை மேடைக்கே ஏற்றினார்கள். நீ போய், கடையைத் திறந்துவிட்டு வாயைப் பூட்டுகிறீர்களே, விசாரணை இல்லாமல் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகிறீர்களே என்று கேட்டாய். மறுவாரம் இடதுசாரிகள் உன்னைக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். அங்கே போய் விலைக் கட்டுப்பாடு என்பதும் ஒரு பூட்டுதான் என்றாய். மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, "ரெண்டு பக்கமும் நல்ல மனுசங்கதான் மச்சான், பாதித் தூரம் வர்றாங்க" என்று சிரித்தாய். நான் ஆத்திரத்தில் டீயைக் கூடக் குடிக்காமல் எழுந்து போனேன்.

அரசாங்கத்தை நம்பின ஆள் நான். தபால் கந்தோரில் வேலை பார்த்தவன் வேறு யாரை நம்புவேன்? உனக்கு ஏன் அந்த நம்பிக்கை இல்லை என்பதை ஒரு வறட்சிக் காலத்தில்தான் கண்டேன். தெல்தெனிய பக்கம் என்னையும் என் தங்கை மாலாவையும் கூட்டிப்போய், தண்ணீர் வற்றிய நீர்த்தேக்கத்துக்குள் சேறு பிடித்து நின்ற ஒரு சுவரைக் காட்டினாய். "அதுதான் எங்கப்பா கடை" என்றாய். பழைய நகரத்தையே தண்ணீருக்குள் விட்டுவிட்டு மேட்டில் புது நகரம் கட்டிக் கொடுத்தார்கள். அந்த அணையால்தானே நாட்டுக்கு மின்சாரம் வந்தது என்று நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன்.

"மின்சாரம் வேணாம்னு நான் சொன்னனா, மச்சான்? ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல. எடுக்கப் போறோம்னு சொல்லத்தான் வந்தாங்க. கேக்க யாரும் வரல."

எல்லோரையும் கேட்டு எல்லோரும் சம்மதித்தால்தான் என்றால் உலகத்தில் ஒரு அணையும் கட்ட முடியாது என்றேன். நீ அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தச் சண்டையைக் கடைசி வரைக்கும் நாம் முடிக்கவே இல்லை.

சங்கத்திலிருந்து நீ விலகிய கதையை நேற்றும் யாரோ எடுத்தார்கள். அங்கத்தவர் யாராவது இறந்தால் அன்றைக்கு எல்லோரும் கடையைச் சாத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். தீர்மானத்துக்கு முன்னால் ஒவ்வொரு சாவுக்கும் முதலில் கடையைச் சாத்துகிறவன் நீதான். தீர்மானம் வந்த பிறகு சாத்த மாட்டேன் என்றாய். கடையைத் திறந்து போட்டுவிட்டு, ஆளில்லாத கடையைக் காக்காய்க்கு விட்டுவிட்டு, சாவு வீட்டில் வந்து நின்றாய். அபராதம் போட்டார்கள். விலகினாய். "நாளைக்கு உன்னைத் தூக்க ஆள் வேணாமா?" என்று நான் கத்தியதற்கு, "தூக்க நாலு பேரு போதும், அதுக்கு என்னாத்துக்கு மச்சான் சங்கம்?" என்றாய்.

நீ போன அன்று சங்கம் வரவில்லை. கூடாரம் வரவில்லை, கொடி வரவில்லை. ஆனால் மனிதர்கள் வந்தார்கள், அவரவர் வீட்டுக் கதிரையைத் தூக்கிக்கொண்டு. பிளாஸ்டிக் கதிரை, மரக் கதிரை, ஒரு கால் ஆடுகிற முக்காலி என்று உன் முற்றம் நிறைந்துவிட்டது. பெருமாள் அண்ணன் தன் கல்லாவில் போட்டிருந்த சாய்வுக் கதிரையையே கொண்டுவந்தார். உன்னைத் தூக்க முண்டியடித்தார்கள். அன்றைக்கு நீ வென்றுவிட்டாய் என்று நானே நினைத்தேன்.

இன்று அப்படி நினைக்க முடியவில்லை, மச்சான். உன்னை ஊருக்குப் பிடிக்கும். கடன் சொன்னால் முகம் சுளிக்காத, வாய் நிறையச் சிரிக்கிற மனிதன் நீ. உனக்கு யாரும் கட்டாயப்படுத்தாமல் ஆள் வரும். ஊருக்குப் பிடிக்காத ஒரு வீட்டுக்கு யார் வருவார்கள்? சேர்வது என் இஷ்டம், விலகுவது என் இஷ்டம் என்றாயே, எல்லோரும் சேர்ந்து ஒருத்தியை விலக்கி வைப்பதும் அவர்கள் இஷ்டம்தானா? இதைக் கேட்க நீ இருக்கும்போது எனக்குப் புத்தி வரவில்லை.

மாலாவுக்கு அந்தப் புத்தி முன்பே இருந்தது. உன் காரியம் முடிந்த கையோடு அவள் சங்கத்தில் சேர்ந்துவிட்டாள். "அவருக்கு ஊரே வந்துச்சு. எனக்கு வருமான்னு தெரியாது, அண்ணே" என்றாள். பிள்ளை இல்லாதவள் வேறு என்ன செய்வாள்? இப்போது அவள் ராஜேஸ்வரி வீட்டில்தான் இருக்கிறாள்.

சாவி பையில் கனக்கிறது. நான் பாட்டுக்குத் திறந்து கொடுத்துவிடலாம். அது எல்லோருடைய சாமான், உன்னுடையது இல்லை என்று நீயே முதலில் சொல்வாய். கொடுக்காமல் இருந்தால் ஐயாவின் பெட்டி மழையில் நனையும். மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது. படலை திறக்கிற சத்தம் கேட்கிறது, சுகந்தியாகத்தான் இருக்கும். இதோடு நிறுத்துகிறேன்.

மச்சான், இது மறுநாள் காலை.

சுகந்தி பிரதேச செயலகத்துக் கடிதத்தோடுதான் வந்தாள். அங்கத்தவர் ஒருவருக்கு உரிய சாமான்களைத் தடுத்து வைக்கச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை, உடனே வழங்க வேண்டும் என்று எழுதி முத்திரை குத்தியிருந்தார்கள். நான் அறையைத் திறந்தேன். சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு இறக்கிவிட்டு, அதே லொறியில் போய்விட்டார்கள். நிமாலும் நானும் கூடாரத்தைக் கட்டினோம். கதிரைகளை வரிசையாகப் போட்டோம். அத்தனை கதிரையும் வந்துவிட்டது, உட்கார ஆள் இல்லை.

அதைப் போல ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக் கதவுகள் பாதி திறந்திருந்தன. ஒருவரும் படி இறங்கவில்லை. பிறகு மழை வந்தது, நாவலப்பிட்டி மழை, உனக்குச் சொல்ல வேண்டாம். பெட்டி நனையவில்லை. அந்தக் கூடாரம் கடிதத்தால் வந்தது, மச்சான். இதை நீ ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கடிதத்தால் வந்தது அவ்வளவுதான். அதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

மூன்று மணி ஆகிவிட்டது. நகரசபை ஆட்கள் குழி வெட்டி முடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். நிமாலின் கூட்டாளிகள் கண்டியிலிருந்து வர வேண்டிய ரயில், கம்பளைக்கு அந்தப் பக்கம் தண்டவாளத்தில் மரம் விழுந்து நின்றுவிட்டது. பெட்டியைத் தூக்க நிமால் இருந்தார், நான் இருந்தேன். சுகந்தி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "நான் ஒரு ஆளு" என்றாள். இன்னும் ஒரு தோள் வேண்டும். உன்னுடைய நாலு பேர் கணக்கு அந்த முற்றத்தில் வந்து மூன்றில் நின்றது.

பாதைக்கு எதிர்ப்பக்கம் பெருமாள் அண்ணன் குடையோடு நின்றார். அவர் கடை சாத்தியிருந்தது. நான் மழையில் பாதையைக் கடந்து போய், "அண்ணே, ஒரு தோளு குறையுது" என்றேன்.

"நேத்து ராத்திரி முழுக்க யோசிச்சேன், செக்கரட்டரி. சங்கம் வராட்டியும் நான் தனியா வரலாம்னுதான் காலைல கடையச் சாத்தினேன். நீங்க கடுதாசியோட வந்து நிக்கிறீங்க. ஆர்டர் போட்டு இழுக்கிற எடத்துக்கு நான் வர மாட்டேன்."

அப்படியே நீ பேசின மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரைப் பிடித்து உலுக்கவும் தோன்றியது. "கடுதாசில கூடாரமும் கதிரையும்தான் இருக்கு. உங்க தோளு இல்ல. தோளுக்கு நான் கேக்கிறேன்" என்றேன்.

அவர் குடையைச் சாய்த்துக் கூடாரத்தைப் பார்த்தார். பிறகு, "அந்த ஆளு முன்னுக்கு நிப்பானா?" என்று கேட்டார்.

"நிப்பாரு."

"அப்பன்னா என்னால ஏலாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கண் கலங்கித்தான் இருந்தது. கடிதம் வராமல் இருந்திருந்தால் அவர் வந்திருப்பாரா? நிமால் முன்னால் நிற்கிற வரைக்கும் எப்படியும் வந்திருக்க மாட்டாரா? நான் என்ன கண்டேன்.

நான் திரும்பி வந்தபோது மாலா பெட்டியின் நாலாவது மூலையில் நின்றுகொண்டிருந்தாள். "மாலா, சங்கத்துல உன்னைய..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் அண்ணே. நேத்துல இருந்து எல்லாரும் அவரு சொன்னதையே சொல்லிக்கிட்டு இருக்கீங்க. அவரு இருந்தா இந்நேரம் பேசிக்கிட்டா நிப்பாரு? பிடிங்க" என்றாள்.

பிடித்தேன். முன்னால் நிமாலும் நானும், பின்னால் சுகந்தியும் உன் மாலாவும். ராஜேஸ்வரி கொள்ளிச் சட்டிக்குப் பதிலாக ஒரு சின்ன அகல்விளக்கைக் கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மயானம் வரைக்கும் ஏற்றம், வழுக்கல். மாலாவின் மூச்சு எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கே விழுந்துவிடுவாளோ என்று ஒவ்வோர் அடியும் பயந்தேன். பாதிக் கதவுகளுக்குப் பின்னால் ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவு வெட்கமும் அவ்வளவு பெருமையும் ஒன்றாக எனக்கு வந்ததில்லை.

பெருமாள் அண்ணன் தூரத்தில், குடையை மடக்கி வைத்துக்கொண்டு, நனைந்தபடி பின்னால் வந்தார். குழி மூடும்போது வந்து ஒரு பிடி மண் போட்டார். நிமாலைப் பார்க்கவில்லை. பிறகு என்னிடம் கையை நீட்டினார். "சாவியக் குடுங்க. ஞாயித்துக்கிழம பொதுக்கூட்டம் வச்சிருக்கு. உங்க பேரும் வரும், மாலா பேரும் வரும். நான் தூண்டவும் மாட்டேன், தடுக்கவும் மாட்டேன்" என்றார். கொடுத்துவிட்டேன்.

ஆகவே வருகிற ஞாயிறு எங்களை விலக்குவார்கள். என்னைப் பற்றிப் பயமில்லை, எனக்கு மகன்கள் இருக்கிறார்கள். மாலாவுக்குத்தான் பயமாக இருக்கிறது. அவள் இரவெல்லாம் தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி காலையில் ரொட்டி சுட்டாள். அவள் விட்டுவந்த குடையைக் கொடுக்க நிமால் வந்தார். தேடித் தேடித் தமிழ் பேசினார். "அக்காவுக்கு ஒரு நாள் வந்தா, நான் ஒரு ஆளு, ஐயா" என்றார். "நான் இன்னும் சாகலியே தம்பி, மொதல்ல சாப்பிடுங்க" என்று அவள் தட்டை வைத்தாள்.

சுகந்தி, இதற்கும் ஒரு கடிதம் வாங்கலாம் என்கிறாள். வாங்கி வை என்றேன். மழை வந்தால் கூடாரம் வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று ஒன்றுதான் சொல்லப் போகிறேன், மாணிக்கத்தின் பெயரை இனி யாரும் எடுக்காதீர்கள் என்று. எடுத்தால் முழுதாக எடுங்கள், இரண்டு சாவியோடும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், மச்சான். மாலாவுக்கு நாலு பேரை நான் சேர்த்து வைப்பேன். நிமால் ஒருவர். நான் இருந்தால் நான் ஒருவன், இல்லாவிட்டால் என் பெரியவன். சுகந்தி மூன்றாவது. நாலாவது ஆளுக்குப் பெருமாள் அண்ணன் கடைக்குப் போவேன், எந்தக் கடிதமும் இல்லாமல் வெறுங்கையோடு போய்க் கேட்பேன். முடியாது என்றால் மறுநாளும் போவேன். உன் அப்பாவின் கடைக்கு ஒருவரும் கேட்க வரவில்லை என்றாயே, உன் மனைவிக்காக நான் ஒவ்வொரு படியாக ஏறிக் கேட்பேன்.

கேட்டும் அவர் வராவிட்டால் என்ன செய்வாய் என்று மட்டும் என்னைக் கேட்காதே.

மாலாவின் அண்ணன்,
உன்னோடு சண்டையை இன்னும் முடிக்காத மச்சான்,
கதிரேசன்
நாவலப்பிட்டி